நாயகன் தடம் மாறும் இடம்



குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் படம் விட்டதும் ஜி.எஸ்.டி. சாலைக்கு வருகிற கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். தாம்பரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் பாட்டைப் பேசுவார்கள், சண்டையைப் பேசுவார்கள். நாயகன் பாதிப் படத்தில் கெட்டவனாகிவிட்ட படமாக இருந்தால் இன்னொரு பேச்சும் எழும். "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்தான், எதுக்குத் திடீர்னு இப்படி ஆயிட்டான்? ஒட்டவே இல்லையே!" அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒதுக்கிவிடலாம். நடிகர் பக்கம் மாறுவதை நம் ஜனங்கள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஜெமினி கணேசன், 1952இல் 'தாய் உள்ளம்' படத்தில் வில்லன். நாயகன் யாரென்றால் ஆர்.எஸ்.மனோகர்! பிறகு இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். ஜெமினி காதல் மன்னனானார், மனோகர் வில்லனாக நிலைத்தார். துப்பறியும் நாயகனாகக் கொடிகட்டிப் பறந்த ஜெய்சங்கர், 1980இல் 'முரட்டுக்காளை'யில் ரஜினிகாந்துக்கு எதிரில் வில்லனாக வந்து நின்றார். ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். சிக்கல் வருவதெல்லாம் ஒரே கதைக்குள், ஒரே மனிதன் மாறும்போதுதான்.

அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆரம்பத்திலிருந்தே அவன் கெட்டவன்தான், யாரோ ஒருவருக்கு அது தெரியாது. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) அப்படி. கமல்ஹாசனின் திலீப் யாரென்று ஸ்ரீதேவிக்குத்தான் தெரியாது, நமக்குத் தெரியும். அதனால்தான் அவனுடைய வீட்டுக்குள் ஸ்ரீதேவி வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நமக்கு மனசு பதறுகிறது. 2011இல் வந்த 'மங்காத்தா'வில் அஜித்தின் விநாயக், பணத்தாசை பிடித்த, சஸ்பெண்ட் ஆன போலீஸ்காரன். நல்லவன் என்று அவனும் சொல்லிக்கொள்ளவில்லை, படமும் சொல்லவில்லை. ஆகவே விசில் அடித்ததில் தப்பே இல்லை. ஆனால் அவனும் அவனைத் துரத்துகிற போலீஸ் அதிகாரியாக வரும் அர்ஜுனும் கூட்டு என்று கடைசியில் தெரியவரும்போது, அதுவரை பார்த்த மோதல்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் சில இடங்கள் இடிக்கின்றன. அந்தத் திருப்பம் ரசிகனுக்கு வைத்த விருந்து. பாத்திரத்திலிருந்து முளைத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது வகைதான் கடினம். நம் கண்ணெதிரே ஒருவன் மாற வேண்டும். இதற்குத் தமிழில் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம், மணிவண்ணன் இயக்கி 1994இல் வந்த 'அமைதிப்படை'. கோயிலில் உடைக்கிற சிதறு தேங்காயைப் பொறுக்கித் திரிகிற அமாவாசை, நாகராஜ சோழன் எம்.ஏ. ஆகிற கதை. தேர்தல் முடிவு வருகிற அந்த ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். வாக்கு எண்ணிக்கை விவரம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது. தன்னைத் தூக்கிவிட்டவராக நடிக்கும் மணிவண்ணன் பக்கத்தில், அமாவாசையாக வரும் சத்யராஜ் ஒடுங்கி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டு ஏற ஏற உடம்பு பின்னால் நகர்கிறது. முதுகு சாய்கிறது. கால் மேல் கால் ஏறுகிறது. பேச்சில் இருந்த மரியாதை இறங்குகிறது. மணிவண்ணனின் முகமோ, யாரை வளர்த்துவிட்டோம் என்று புரிந்து வெளிறுகிறது. ஒரு கொலை இல்லை, ஒரு மிரட்டல் இல்லை. ஆனாலும் அந்தச் சில நிமிடத்தில் ஒரு வில்லன் பிறந்துவிட்டதைத் தியேட்டர் முழுக்க உணர்ந்தது.

இது ஏன் ஒட்டுகிறது? அமாவாசையின் சாமர்த்தியம், காரியத்துக்காகக் குனிகிற சுபாவம், இரண்டையும் நாம் முன்பே பார்த்துச் சிரித்திருக்கிறோம். வெற்றி வந்து புதிதாக எதையும் அவனுக்குள் கொண்டுவந்து வைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த குணம், தடுக்க ஆள் இல்லாதபோது தலை நிமிர்கிறது. நல்லவனிடம் நாம் ரசித்த அதே குணம்தான் நாளைக்கு அவனைக் கெடுக்க வேண்டும். வெளியிலிருந்து ஒட்டவைத்த கெட்டகுணம் நிற்காது.

ஷங்கரின் 'எந்திரன்' (2010) இந்த இடத்தில்தான் எனக்கு வருத்தம் தருகிறது. ரோபோ சிட்டிக்கு உணர்வு வருகிறது, சனாவை விரும்புகிறது, அவள் மறுக்கிறாள். ராணுவ அதிகாரிகள் முன்னால் போர்த்திறமையைக் காட்ட வேண்டிய நேரத்தில் அது காதலைப் பேசுகிறது. கோபத்தில் படைத்தவரே அதைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் எறிகிறார். ஒருவன் கெட்டுப்போக இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் படம் அதை நம்பவில்லை. சிவப்பு நிற சிப் ஒன்றைக் கொண்டுவந்து செருகுகிறார்கள். அதன்பின் வருகிற அழிவெல்லாம் அந்தச் சிப்பின் கணக்கில் போய்விடுகிறது. சிட்டியின் வேதனை ஓரம் கட்டப்பட்டுவிடுகிறது. ரஜினி அந்தக் கடைசிப் பகுதியை எவ்வளவு ரசித்துச் செய்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

வானொலியில் பேசுகிறபோது 'அந்த நாள்' படத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அதன் நாயகன் ராஜன் ஒரு ரேடியோ என்ஜினீயர். வீணை மேதை எஸ்.பாலசந்தர் இயக்கிய ஏவி.எம். படம், வந்தது 1954இல். பாட்டே கிடையாது. அறிமுகப் படமான 'பராசக்தி' வந்து இரண்டு வருடம்கூட நிறையவில்லை, வளர்ந்துவருகிற சிவாஜி கணேசன் நாட்டை விற்கிறவனாக நடிக்கச் சம்மதித்தார். சென்னை மீது ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943 அக்டோபரை ஒட்டிய கதை. ராஜன் செத்துக் கிடப்பதில்தான் படமே தொடங்குகிறது. ஜாவர் சீதாராமன் எழுதிய திரைக்கதை, விசாரணைக்கு வருகிற ஒவ்வொருவர் வாய்வழியாகவும் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறது. ஏழைகளும் வாங்குகிற விலையில் ரேடியோ செய்ய அவன் ஒரு திட்டம் வைத்திருந்தான். ஆதரவு கேட்டுப் போன இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். தன் திறமைக்கு இங்கே மதிப்பில்லை என்கிற கசப்பு அவனை எதிரியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ராஜனிடம் நாம் மெச்சிய அறிவும் கர்வமும்தான் அவனை அங்கே இழுத்துப் போகின்றன. தான் செய்வது துரோகம் என்று அவன் கடைசிவரை ஒத்துக்கொள்வதில்லை. சிவாஜி அந்த நியாயத்தைக் குரல் உயர்த்தாமல், மனைவிக்குப் பாடம் சொல்கிற தொனியில் பேசுகிறார். உஷாவாக வரும் பண்டரிபாய்க்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்கவும் முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. அவன்மேல் உள்ள அன்பு குறையாமலேயே அவர் எதிர்த்து நிற்பதால்தான், ராஜன் ஒருகாலத்தில் நல்லவனாக இருந்தான் என்பதையும் நாம் நம்புகிறோம்.

முதல் வெளியீட்டில் அந்தப் படம் வசூலில் சோபிக்கவில்லை. இப்போது வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். 'அமைதிப்படை'யையும் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அடுத்தடுத்துப் பாருங்கள். நாற்காலியில் சத்யராஜ் சாய்கிற அந்தக் காட்சியையும், சிவாஜி தன் நியாயத்தைச் சொல்கிற அந்தக் காட்சியையும் மட்டும் இரண்டாவது தடவை ஓட்டிப் பார்க்க மறந்துவிடாதீர்கள்.