தொலைவிலிருந்து நுண்ணோக்கி, தமிழில் நிரல்
(மணப்பாறையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மாட்டுச் சந்தையிற் காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்து அகவை சொல்லும் மணப்பாறை உழவர்க்கு உயிரியல் தெரியாது என்று கூற எவர் துணிவர்? அவர் மகள் மேனிலைப் பள்ளியில் நிலைத்திணையியலும் விலங்கியலும் தமிழிலேயே கற்கிறாள். அப்பிரிவிற் சேர்ந்த ஒன்றினாலேயே கணிப்பொறிப் பாடம் அவளுக்கு இல்லாது போகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் 2019 முதற் பைத்தான் நிரல்மொழி தமிழ்வழியிலும் வந்துவிட்டது. அந்நூலோ அவள் கைக்கு எட்டுவதில்லை. இற்றை உயிரியல் ஆய்வோ நிரலெழுதத் தெரிந்தார்க்கே விரைந்து கதவு திறக்கிறது.

இவ்விடர் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூசு வளாகத்தார் 2021-இல் ஒரு நுண்ணோக்கியை வெளியிட்டனர். கையகல இராசுபெரி பை கணிப்பொறி, மலிவான படப்பொறி, அச்சிட்டெடுத்த நெகிழி உறுப்புகள் ஆகியவையே அதன் உடல். 24 குழிகள் கொண்ட தட்டு முழுவதையும் அது ஒரே வேளையிற் படமெடுக்கும். தவளைக் கரு வளர்வதை அவ்வாறே பதிந்தனர். படங்கள் இணையத்தின் வழியே செல்லும். இலத்தீன் அமெரிக்க மரபினரான மாணவர், நல்ல ஆய்வகம் வாய்க்காதவர், தம் ஊரிலிருந்தே ஆய்விற் பங்கு கொண்டனர்.

இங்கேதான் நிரலுக்கு வழி பிறக்கிறது. மணிக்கொரு படமென்றால் ஒரு நாளில் 24 குழிக்கும் 576 படங்கள்! நூறு படம் பார்த்துக் கண் களைத்தவன், ‘இதைப் பொறி எண்ணாதா?’ என்று தானே கேட்பான். கேட்டபின் கற்பிப்பது எளிது. கேட்குமுன் கற்பிப்பதே இங்குள்ள வழக்கம்.

இந்திய அரசின் மெய்நிகர் ஆய்வகத் திட்டம் 2009-இல் தொடங்கியது. எட்டிமடையிலும் வளாகமுடைய அமிர்தா பல்கலைக்கழகம் அதில் உயிர்நுட்பவியற் பகுதியை அமைத்தது. அவற்றுட் சில, தொலைவிலுள்ள மெய்யான கருவியை இயக்குவன, பல, இயங்குபடங்களே. இயங்குபடம் ஒருநாளும் பிழைபடாது. அதுவே அதன் குறை.

மொழித்தடைக்கு வருவோம். முத்து அண்ணாமலை என்பார் உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியில் ‘பதிப்பி’, ‘முடி’, ‘பின்கொடு’ என்பன கட்டளைச் சொற்கள். நிலை முன்னே நிற்க, ‘ஆனால்’ என்பது பின்னே வரும். ஆங்கில நிரல் தலைகீழாய் நிறுத்துவதை, அது தமிழ் பேசும் நாவின் முறைப்படியே நிறுத்துகிறது. எழிலிற் கால்கொண்டவள் பின்னர்ப் பைத்தானுக்குப் போகட்டும்; தடையில்லை.

வெங்காயத் தோலுரித்துக் கண்ணாடித் தகட்டில் ஏற்றும் கைப்பழக்கத்தைத் தொலைவாய்வு தராது. அது பள்ளியின் கடன்.

அயல்நாட்டுக் கருவி வரும்வரை காத்திருக்கவும் வேண்டா. கறந்த பாலில் மெத்திலீன் நீலம் சில துளி இட்டு வெதுவெதுப்பாய் வைத்தால், நுண்ணுயிர் மிகுந்த பாலில் நீலம் விரைவில் மறையும். ஆய்குழாயின் முன் ஒரு பழைய கைப்பேசியை நிறுத்தி ஐந்து மணித்துளிக்கு ஒரு படம் எடுத்து அனுப்பச் செய்யலாம். மாணவி வீட்டிலிருந்தே நிறத்தை அளப்பாள். அவள் எழுதவேண்டிய முதல் நிரல் இவ்வளவே: நீலம் இவ்வளவிற்குக் குறைவு ஆனால், நேரத்தைப் பதிப்பி.