இரைச்சலைத் தணிக்கும் ஹெட்போன்கள்



டெல்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவுகள் இரயிலில் பயணம் செய்வோருக்கு, உறக்கத்தைக் கெடுப்பவை இன்னவை என்று நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பெட்டியின் அடியிலிருந்து எழும் இடையறாத அதிர்வோசை ஒன்று. குளிர்சாதனக் காற்றின் இரைச்சல் மற்றொன்று. எதிர்ப் படுக்கைக்காரரின் குறட்டை வேறு. இவற்றுக்கிடையே, இரு காதுகளையும் மூடிய ஹெட்போனை அணிந்துகொண்டு, உலகத்தோடு தமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோல் துயில்வோரையும் இப்பொழுதெல்லாம் காண்கிறோம். இரைச்சலைத் தணிக்கும் ஹெட்போன் என்பது அதன் பெயர். கம்பியின்றியே கைப்பேசியோடு இணைவது. இரண்டாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. முப்பதாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது.

சம்பளத்தில் கணிசமான பகுதியை இதற்குக் கொடுக்கத் துணிபவர், முன்னரே வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படிக்கிறார், படித்துக் குழம்புகிறார். ஒருவர் ‘அற்புதம்’ என்கிறார்; அதே கருவியை மற்றொருவர் ‘பணம் பாழ்’ என்கிறார். இருவரும் உண்மையே சொல்லியிருக்கக் கூடும். அது எங்ஙனம் என்பதைச் சற்றுக் காண்போம்.

இக்கருவியின் தத்துவம் பழையது. ஓசை என்பது காற்றில் எழும் அலை. ஓர் அலை மேலெழும் அதே கணத்தில் அதற்கு நிகரான மற்றோர் அலை கீழிறங்குமாயின், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பால் லூயக் என்ற ஜெர்மானியர் இக்கருத்துக்கு 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதைக் காதில் அணியும் கருவியாக்கப் பெரிதும் பாடுபட்டவர்களுள் ஒருவர் அமர் போஸ். வங்காளத்தில் விடுதலைப் போரில் ஈடுபட்டு, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய ஒருவரின் மகன் அவர். 1978-இல் ஸூரிக் நகரிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் திரும்புகையில், அங்கே கொடுத்த ஹெட்போனில் இசையை எஞ்சினின் இரைச்சல் விழுங்கிவிட்டதைக் கண்டு, அப்பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினாராம். அவருடைய நிறுவனத்தின் கருவி விமானிகளுக்கு விற்பனைக்கு வர 1989 ஆயிற்று. பயணிகளுக்கு 2000-இல்தான் வந்தது.

கருவியிலுள்ள சிறு மைக்குகள் வெளியோசையைக் கேட்ட மாத்திரத்தில் எதிரலை பிறக்கிறது. ஒரே சீராக ஒலிக்கும் தாழ்ந்த ஓசையை அது நன்கு அடக்கும். விமான எஞ்சின், இரயிலின் அதிர்வு, மின்விசிறி ஆகியவை இவ்வகை. திடீரென்று எழும் கூரிய ஓசையிடம் அதன் வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை. குழந்தையின் அழுகை, குக்கரின் விசில், ஆட்டோவின் ஹார்ன், பக்கத்து மேசைக்காரரின் பேச்சு இவற்றை மங்கச் செய்வது பெரும்பாலும் காதைச் சுற்றியுள்ள மெத்தையே. ‘அற்புதம்’ என்றவர் விமானத்தில் அணிந்திருப்பார். ‘பாழ்’ என்றவர் கைக்குழந்தையுள்ள வீட்டில் அணிந்திருப்பார். ஆகவே நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன், எழுதியவர் எங்கே அணிந்தார் என்பதைத் தேட வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிபவரா என்றும் பார்க்க வேண்டும். கண்ணாடியின் கம்பி மெத்தையைச் சற்றே தூக்கினாலும் அந்த இடுக்கு இரைச்சலுக்குப் போதும். சிலருக்கோ காது அடைத்தாற்போல் ஓர் உணர்வு உண்டாகிறது. இதைக் கடையில் கால்மணி நேரம் அணிந்து பார்த்தாலன்றி அறிய இயலாது.

எப்பொழுது எழுதினார் என்பதும் அதே அளவு முக்கியம். கருத்துகள் பல, பொருள் கைக்கு வந்த முதல் வாரத்தில் எழுதப்படுபவை. புதுமணத் தம்பதியிடம் இல்லறம் எப்படி என்று கேட்பது போன்றது அது! மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர், இரண்டு மழைக்காலம் கண்டவர் எழுதியதையே தேடிப் படிக்க வேண்டும். வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து மெத்தையின் செயற்கைத் தோலை உரித்துவிடும். நமது கருவிக்கும் இரண்டாம் ஆண்டில் அதுவே நேர்ந்தது. கழற்றும் போதெல்லாம் காதோரத்தில் கருப்புச் செதில்கள். நானூறு ரூபாய்க்கு வேறு எவரோ செய்த மெத்தையை வாங்கிப் பொருத்தினோம். பார்வைக்கு அச்சு மாறவில்லை. ஆனால் மின்விசிறியின் ஓசை முன்போல் அடங்கவில்லை. கருவியே கெட்டதென்று எண்ணிப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றோம். அவர் ஒன்றையும் திறக்கவில்லை. மெத்தையை விரலால் அழுத்திக் காட்டினார். நுரை கெட்டியாக இருந்தமையால் அது காதைச் சுற்றிப் படிந்து மூடவில்லை. தயாரித்த நிறுவனத்தின் மெத்தையையே மும்மடங்கு விலை கொடுத்து வருவித்த பின்னர்தான் பழைய அமைதி திரும்பியது. துணைப் பொருள் என்று பெயர் பெற்றிருப்பினும், மெத்தை கருவியின் பாதி.

உறையைப் பற்றிய கருத்துகளைப் பலர் தாண்டிச் செல்கின்றனர், தாண்டலாகாது. ஸோனி நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கருவி மடங்குவது. 2022-இல் வந்தது மடங்காதது. பையில் இடத்தை அடைக்கிறதென்று வாங்கியோர் முணுமுணுத்தனர். 2025-இல் வந்த கருவி மீண்டும் மடங்கியது. கேபிளையும் கவனிக்க வேண்டும். போஸ் நிறுவனத்தின் சில கருவிகளில், கருவியின் பக்கம் செருகும் முனை வழக்கமான 3.5 மில்லிமீட்டர் அன்று, 2.5 மில்லிமீட்டர், தொலைத்துவிட்டால் தெருக்கோடிக் கடையில் எளிதில் அகப்படாது. பெட்டியில் முப்பது மணி நேரம் என்று அச்சிட்டிருப்பது புதிய பேட்டரிக்கு உரியது. ஆண்டுகள் ஏற அது குறையும். அப்பொழுது மாற்றித் தர நாம் வாழும் ஊரில் சேவை நிலையம் உண்டா என்பதை வாங்கும் முன்னரே கேட்க வேண்டும்.

கருத்துகளே கூலிக்கு எழுதப்பட்டனவாயின் என் செய்வது? இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதன் பொருட்டு 2022-இல் ‘ஐ.எஸ். 19000’ என்ற தரத்தை வெளியிட்டது. எழுதியவர் மெய்யானவரா என்று சரிபார்க்கும் முறைகளை அது கூறுகிறது. வெளியிட்டபோது அது கட்டாயமாக்கப்படவில்லை. நாம் மூன்று நட்சத்திரக் கருத்துகளையே முதலில் படிக்கிறோம். ஒற்றை நட்சத்திரங்களிற் பல, பெட்டி நசுங்கி வந்த கோபத்தில் இட்டவை. பொருளில் குறையிருந்து விற்றவர் செவிசாய்க்காவிடில், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். இந்தி வரவில்லையே என்று பணத்தைக் கைவிட வேண்டியதில்லை.

ஊரிலுள்ள தாய் தந்தையருடன் பேசுவதற்கென்றே இதை வாங்குவோர் நம்மில் பலர். அவர்கள் பெரிதும் ஏமாறுவது இங்கேதான். இரைச்சல் தணிவது அணிந்தவரின் காதுக்கு. அவர் பேச்சை எடுத்துச் செல்லும் மைக்கின் தரம் முற்றிலும் வேறு. பெங்களூரின் நாற்சந்தியில் நிற்பவருக்கு எல்லாம் அமைதி. திருநெல்வேலியில் கேட்கும் தாய்க்கோ எல்லாம் ஹார்ன். எனவே பொருள் வந்த அன்றே, திருப்பித் தரும் கெடு முடியுமுன், வெளியே சென்று வீட்டுக்குப் பேசிப் பார்க்க வேண்டும். அவ்வாறு பேசுமிடம் நடைபாதையாக இருக்கட்டும். சாலையையோ இரயில் பாதையையோ கடக்கையில் இக்கருவி காதில் இருக்கவே கூடாது.

நாம் முதன்முதல் வாங்கிய கருவியை இப்படித்தான் சோதித்தோம். “நீ சொல்றதைவிட ஆட்டோக்காரன் சொல்றதுதான் நல்லாக் கேக்குது” என்றார் அம்மா. ஐந்தாம் நாள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.