சாராளுக்கும் நின்றதுதானே!



ஆதியாகமம் பதினெட்டாம் அதிகாரம். ஆபிரகாம் கூடார வாசலில் இருக்கிறார். மூன்று பேர் விருந்தாளிகளாக வருகிறார்கள். உள்ளே நிற்கிற சாராளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று வந்தவர் சொல்ல, அவள் தனக்குள்ளே சிரிக்கிறாள். ஏன் சிரித்தாள் என்பதற்கு வேதமே காரணம் எழுதி வைத்திருக்கிறது. அவளுக்கு வயது போய்விட்டது, மாதவிடாயும் நின்றுவிட்டது.

வேதம் கூச்சப்படாமல் எழுதிய செய்தி இது. அதே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் லண்டன் லூயிஷாமில் ஆராதனைக்கும் பூசைக்கும் போகிற நாங்கள் இதைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. முழங்கால் வலிக்கு ஜெப விண்ணப்பம் உண்டு. மகனின் ஜிசிஎஸ்இ பரீட்சைக்கு உண்டு. விசாவுக்கு உண்டு. இரவில் மூன்று தரம் எழும்பி நைட்டி மாற்றுகிற பெண்ணுக்கு மட்டும், "கொஞ்சம் சுகமில்லை, ஜெபிச்சுக்கொள்ளுங்கோ" என்பதோடு சரி.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கடைசி மாதவிடாய் வந்து 12 மாதம் முழுதாகக் கழிந்தால் அதை மெனோபாஸ் என்கிறார்கள். பிரிட்டனில் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47 என்று அங்கு செய்த ஆய்வுகள் சொல்கின்றன. தொல்லை தொடங்குவதோ அதற்குச் சில வருடங்கள் முன்னால். சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் அடங்குகிறது. மூளையில் உடற்சூட்டைக் கவனிக்கிற பகுதி ஒன்று இருக்கிறது, வீட்டு ஹீற்றிங்குக்குத் தெர்மோஸ்டாட் இருப்பதுபோல. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்தப் பகுதி அளவுக்கு மீறி உஷாராகிவிடுகிறது. சூடு துளி ஏறினாலும் போதும், தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சி வியர்வையைக் கொட்ட வைக்கும். நெஞ்சு, கழுத்து, முகம் என்று வெக்கை ஏறும். சில நிமிடத்தில் அடங்கும். பிறகு குளிர் பிடிக்கும்.

பெப்ரவரி மாதம் நடக்கிற ஓர் ஆராதனையை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்க, ஓர் அக்கா மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்து, அறிவிப்புத் தாளை மடித்து விசிறிக்கொண்டிருப்பார். "என்னக்கா, காய்ச்சலோ?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்பார். "இல்லை, ஹீற்றர் கூடிப்போச்சு." அந்த மண்டபத்தில் ஹீற்றர் பழுதாகி இரண்டு கிழமை!

வெக்கையை இப்படிச் சமாளித்துவிடலாம். மனதில் வருகிற மாற்றத்தைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. நித்திரை இல்லை. காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது. பத்து வருடமாக ஞாயிறு பாடசாலை நடத்துகிறவருக்குப் பிள்ளையின் பெயர் வாயில் வருவதில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை. வீட்டில் சின்ன விஷயத்துக்கும் சீறி விழுந்துவிட்டு, பிறகு குளியலறைக்குள் போய் அழுகிறார். இதைப் பார்த்து, "விசுவாசம் குறைஞ்சுபோச்சு, பைபிள் வாசிக்கிறது காணாது, இது சாத்தானுடைய போராட்டம்" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். அவரும் அதை நம்பி உபவாசத்தைக் கூட்டுகிறார், முழு இரவு ஜெபத்துக்குப் போகிறார். இருந்த கொஞ்ச நித்திரையும் போகிறது. ஈஸ்ட்ரோஜனுக்கு மூளையிலும் வேலை உண்டு. நித்திரை, மனநிலை, ஞாபகம் எல்லாவற்றிலும் அதன் கை இருக்கிறது. அது ஆடினால் இவையும் ஆடும்.

எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் வென்ற கையோடு வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழே படுத்து, சாவு வரட்டும் என்று கேட்டார். தேவதூதன் வந்து அவரை எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்தார். இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அவருடைய விசுவாசத்தைப் பற்றி அங்கே விசாரணை நடக்கவில்லை. களைத்த உடம்புக்குச் சாப்பாடும் நித்திரையும்தான் முதலில் கிடைத்தன. எங்கள் சபைகளும் அந்த ஒழுங்கைப் பழகினால் நல்லது.

இனி டொக்டரிடம் போவோம். ஜிபியிடம் அப்பாயின்மென்ட் எடுப்பதே ஒரு தவம். காலை எட்டு மணிக்குப் போனைப் பிடித்துக் காத்திருந்து, கிடைத்த பத்து நிமிடத்துக்கு மொழிபெயர்க்க மகனைக் கூட்டிக்கொண்டு போகிறோம். பதினாலு வயதுப் பையன். அவனை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படிச் சொல்வார், கீழே வறண்டு எரிகிறது, சலத்தை அடக்க முடியவில்லை, அப்பாவோடு சேர நோகிறது என்று? "உடம்பெல்லாம் நோகுது என்று சொல்லடா" என்கிறார். அவனும் அதைச் சொல்கிறான். டொக்டர் பனடோல் எடுக்கச் சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும், "இந்த நாட்டு டொக்டர்மாருக்கு ஒண்டும் தெரியாது" என்று தீர்ப்பு!

சகோதரிகளே, இந்த நாட்டு அரச வைத்திய சேவையான என்.எச்.எஸ். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரும். அப்பாயின்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், முடிந்தால் பெண்ணாக இருக்கட்டும், டொக்டரும் பெண்ணாக இருக்கட்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

தமிழில் நோயைச் சொல்லி மருந்து வாங்குவது எங்கள் கிறிஸ்தவ சமூகத்துக்குப் புதிதும் அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் செய்தார். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூறு, மகப்பேறு பற்றிய நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1898இல் இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியோட் ஆஸ்பத்திரி வந்தது. ஜெபமும் மருந்துப் போத்தலும் ஒரே கூரையின் கீழ் இருந்த இடங்கள் இவை. கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக் ஞானநூலின் 38ஆம் அதிகாரமும் நோயாளிக்கு இதையே சொல்கிறது: ஜெபி, வைத்தியருக்கும் உரிய இடத்தைக் கொடு.

சரி, என்ன மருந்து? என்.எச்.எஸ்.சுக்கு வழிகாட்டுகிற நைஸ் அமைப்பு மெனோபாஸ் பற்றி 2015இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, 2024 நவம்பரில் திருத்தியது. 45 வயதைத் தாண்டியவருக்கு அறிகுறிகளை வைத்தே முடிவு சொல்லலாம், இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பது அதிலுள்ள முக்கியமான விஷயம். வெக்கைக்கும் இரவு வியர்வைக்கும் மிக நன்றாக வேலை செய்வது எச்.ஆர்.டி. என்கிற ஹோர்மோன் சிகிச்சை. குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனைத் தோலில் ஒட்டும் பேட்சாகவோ, பூசும் ஜெல்லாகவோ, குளிசையாகவோ தருகிறார்கள். கர்ப்பப்பை உள்ளவருக்குப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் கட்டாயம் சேர வேண்டும். இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரக்கூடும்.

புற்றுநோய் என்றதும் அடுத்த கேள்வி வரும், இந்த மருந்தாலேயே மார்பில் புற்றுநோய் வருமாமே என்று. 2002இல் அமெரிக்காவில் எச்.ஆர்.டி. பற்றிய பெரிய ஆய்வு ஒன்றின் ஒரு பகுதியை இடையில் நிறுத்தினார்கள். அன்று கிளம்பிய பயம் இன்றும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. இரண்டு ஹோர்மோனையும் சேர்த்து எடுத்தவர்களில், 10,000 பேருக்குள் ஒரு வருடத்தில் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அபாயம் இருக்கிறது, ஆனால் அதன் அளவு இவ்வளவுதான். பேட்சும் ஜெல்லும் இரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. உங்களுக்கோ உங்கள் தாய், சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஹோர்மோன் வேண்டாம் என்பவருக்கு வேறு மருந்துகளும் சிபிடி என்கிற பேச்சுச் சிகிச்சையும் உண்டு.

விசுவாசி ஹோர்மோன் எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் சபையில் எத்தனை பேர் காலையில் எழும்பியதும் தைரொயிட் குளிசை போடுகிறார்கள்! அதுவும் ஹோர்மோன்தான். இன்சுலினும் ஹோர்மோன்தான். அதை எடுத்துக்கொண்டுதான் ஐயாமார் பிரசங்கமும் செய்கிறார்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் எச்.ஆர்.டி.க்கென்று தனி முன்பணச் சான்றிதழ் இருக்கிறது. இரண்டு மருந்துச் சீட்டுக் கட்டணத்தைக் கட்டினால் ஒரு வருடம் முழுவதும் அந்தச் சிகிச்சைக்கான பெரும்பாலான மருந்துகளை எடுக்கலாம். மருந்துக் கடையிலேயே விசாரியுங்கள்.

தாம்பத்தியம் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. வறட்சியால் நோகிறபோது பல மனைவிமார் சாக்குச் சொல்லி விலகுகிறார்கள். கணவர் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார். இன்னும் சிலர் கொரிந்தியர் நிருபத்தைத் திறந்து கடமையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். எபேசியர் நிருபத்தையும் திறந்து பாருங்கள் ஐயா. மனைவியின் உடம்பைத் தன் உடம்பாகப் பேணச் சொல்லி அங்கே பவுல் எழுதியிருக்கிறார். இந்த வறட்சிக்கு நல்ல வைத்தியம் உண்டு. உள்ளே வைக்கிற சிறு அளவு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். அதில் ஒரு வகையை, 50 வயதைத் தாண்டி, மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேலானவர்கள் மருந்தாளரிடம் பேசி, சீட்டு இல்லாமலே வாங்கலாம். 2022 முதல் அந்த வசதி இருக்கிறது.

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும். தென்னாசியப் பெண்களுக்கு நீரிழிவும் இருதய நோயும் வரும் வாய்ப்பும் அதிகம். எங்கள் தோல் நிறத்துக்கு இந்த நாட்டு வெயில் போதாது. ஆகவே வருடம் முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பது நல்லது. குரக்கன் பிட்டும் முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலியும் கல்சியம் தரும். லூயிஷாம் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் லேடிவெல் ஃபீல்ட்ஸ் இருக்கிறது. ரேவன்ஸ்போர்ன் ஆற்றங்கரையோரம் சேர்ந்து நடக்க ஒரு சிநேகிதியும் இருந்தால், எலும்புக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது.

இரண்டு விஷயத்தில் மட்டும் தாமதம் வேண்டாம். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் டொக்டரிடம் போங்கள். 40 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றாலும் போங்கள். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் வருந்திய பெண்ணின் கதையை, வைத்தியர்களால் பயனில்லை என்பதற்கு உதாரணமாகச் சிலர் சொல்கிறார்கள். கூட்டத்தில் ஒளிந்து தொட்டவளை இயேசு கூப்பிட்டதையும், அவள் எல்லாரும் கேட்க நடந்ததையெல்லாம் சொன்னதையும் அவர்கள் விட்டுவிடுகிறார்கள். அவளுடைய இரத்தப்போக்கைப் பற்றி அவர் முன்னால் பேசுவதற்குத் தடை இருக்கவில்லை.

ஜிபியிடம் போகுமுன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது, இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள், உங்கள் வேலையையும் வீட்டையும் அதிகம் கெடுப்பது எது. தமிழில் எழுதினாலும் போதும்.

மாதர் சங்கத் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். முதிர்ந்த பெண்கள் இளம் பெண்களுக்குப் படிப்பிக்க வேண்டும் என்று தீத்துவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் சபைகளில் என்.எச்.எஸ்.ஸில் வேலை செய்கிற நேர்ஸ்மார் இருக்கிறார்கள். வருடத்தில் ஒரு கூட்டத்தை அவர்களில் ஒருவரிடம் கொடுங்கள். ஆண்களையும் பிள்ளைகளையும் பக்கத்து அறைக்கு அனுப்பிவிடுங்கள். மேடையிலிருந்து "கேள்வி இருக்கோ?" என்றால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்து, தேத்தண்ணியும் றோல்ஸும் வரும்போதுதான் ஒவ்வொருவராகக் கிட்ட வந்து மெதுவாகக் கேட்பார்கள். அதனால் அந்த நேர்ஸ் அக்காவை அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.