விளக்கைத் திறந்தவர்

மொழியியல் பேச வந்தவர் தெருவிளக்கைப் பற்றிப் பேசுகிறாரே என்று நீங்கள் எண்ணக்கூடும். என் ஆய்வில் நேர்ந்த பிழை ஒன்று ஒரு தெருவிளக்கின் அடியில்தான் கிடக்கிறது. அதைச் சொல்லவே இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரின் தெருக்களில் 1824-ஆம் ஆண்டில் தேங்காயெண்ணெய் விளக்குகள் எரியத் தொடங்கின. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1864 மே 24 அன்று, விக்டோரியா அரசியாரின் பிறந்தநாளில் எரிவாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. காலாங் ஆற்றங்கரை ஆலையில் நிலக்கரியை மூடிய கலங்களில் இட்டுச் சூடேற்றி, அதிலிருந்து பிரிந்த வாயுவை நிலத்தடிக் குழாய்களின் வழியே விளக்குக் கம்பங்களுக்கு அனுப்பினார்கள். ஹொக்கியன் பேசிய சீனர் அப்பகுதிக்கு ‘நெருப்பு நகரம்’ என்று பொருள்படும் பெயரை இட்டு வழங்கினர். 1906 மார்ச்சில் ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் மின்விளக்குகள் வந்தன. அவற்றுக்கான மின்சாரம், டிராம் வண்டிகளை ஓட்டுவதற்காக மெக்கன்சி சாலையில் நிறுவப்பட்டிருந்த நிலையத்திலிருந்து வாங்கப்பட்டது. எனினும் ஒரே நாளில் பழையது போய்ப் புதியது வந்துவிடவில்லை. பெருந்தெருவில் மின்விளக்கும் சந்தில் வாயுவிளக்குமாகப் பல பத்தாண்டுகள் இரண்டும் சேர்ந்தே எரிந்தன.

சொற்களும் அப்படித்தான். ‘விளக்கு’ என்னும் நம் சொல்லுக்கு எண்ணெயோடும் திரியோடும் கட்டாய உறவு இல்லை. ‘விளங்கு’ என்னும் தன்வினையின் பிறவினை அது. வகுப்பறையில் ஆசிரியர் செய்வதும் விளக்குதல். அடுக்களையில் பாத்திரத்துக்குச் செய்வதும் விளக்குதல். ஆதலால் எரிபொருள் எது மாறினாலும் பெயர் மாற வேண்டிய தேவை எழவில்லை. மாறியது வினை. எண்ணெய் விளக்கை ஏற்றினோம், மின்விளக்கைப் போடுகிறோம். குத்துவிளக்கை மட்டும் இன்றும் எவரும் ‘போடுவதில்லை’. எண்ணெய் விளக்கை அணைப்பதாகச் சொல்வது மங்கலமன்று என்று கருதி, ‘குளிர வை’ என்றும் ‘மலையேறிற்று’ என்றும் நம் மூத்தோர் வழங்கினர். மின்குமிழ் மலையேறியதாக நான் கேட்டதேயில்லை. சுடர் இருந்த இடத்தில்தான் அந்த மரியாதையும் இருந்தது போலும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். என் தாய்வழிப் பாட்டனார் இளமையில் நகராட்சியின் விளக்கேற்றுநராக இருந்தவர். அந்தி சாயும் வேளையில் நீண்ட கழியொன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு புறப்படுவாராம். விடியலில் அதே வழியே மீண்டும் நடப்பாராம். 1980-களின் தொடக்கத்தில், சிங்கப்பூர்த் தமிழரின் பேச்சுவழக்கை முனைவர் பட்டத்துக்காக ஆய்ந்துகொண்டிருந்த நான், அவரையும் ஒலிநாடாவில் பதிவு செய்தேன். அப்போது எங்கள் வீவக வீட்டில் அவர் நாள்தோறும் சொல்லிவந்த தொடர் இது: “தம்பி, வெளக்க அடைச்சிட்டுப் படு.” காலையில் இருட்டாக இருந்தால், “வெளக்கத் தொற.”

எனக்கு ஒரே மகிழ்ச்சி. மலாய்ப் பேச்சில் ‘புக்கா லம்பு’ என்றால் விளக்கைத் திற. ‘துத்துப் லம்பு’ என்றால் விளக்கை மூடு. மலாய்த் தொடரமைப்பு தமிழில் புகுந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்? ‘மலாய்மொழித் தாக்கம்’ என்னும் இயலில் முதல் எடுத்துக்காட்டாக அதை வைத்தேன். தேர்வாளர்கள் பாராட்டினார்கள். நாடா விலை மிகுந்திருந்த காலம். வேண்டியதைக் குறித்துக்கொண்டபின் அதன் மேலேயே வேறொருவரைப் பதிவு செய்தேன்.

பாட்டனார் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பிறகு, வாயுவிளக்கு இயங்கும் முறையை ஒரு நூலில் படித்தேன். கம்பத்தின் உச்சியில் ஒரு சிறு குழாயடைப்பு இருக்கும். விளக்கேற்றுநர் கழியின் கொக்கியால் அதைத் திறப்பார், வாயு வெளிப்படும், கழிமுனைச் சுடரால் அதைப் பற்றவைப்பார். காலையில் அடைப்பார். ஊதவும் வேண்டாம், குளிர வைக்கவும் வேண்டாம். அடைத்தால் சுடர் தானே ஒடுங்கும். படித்துக்கொண்டிருந்த நூலை மூடி வைத்துவிட்டேன். அவர் மலாயை மொழிபெயர்த்துச் சொன்னாரா, தம் கை நாள்தோறும் செய்த வேலையைச் சொன்னாரா?

மலாய்த் தாக்கம் அறவே இல்லை என்று நான் இன்று வாதிட வரவில்லை. அவருடைய கூட்டாளிகளில் மலாய்க்காரர் பலர் இருந்தனர். இரு வழிகளும் ஒரே சொல்லில் வந்து கூடியிருக்கலாம். மொழியில் அது புதுமையன்று. ஆனால் ஒரு கேள்வியை, ஒரே ஒரு கேள்வியை, நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்: “தாத்தா, ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?” அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். சொல்லைக் குறித்துக்கொண்ட நான் கழியைப் பற்றி ஒரு வரிகூடக் குறிக்கவில்லை. அது எத்தனை முழ நீளம், மழைநாளில் முனைச்சுடரை எப்படிக் காத்தார், குழாயடைப்பை அவர்களுக்குள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பன எவையும் என்னிடம் இல்லை. அத்தொழிலுக்கென்று ஒரு சொற்குடும்பமே இருந்திருக்கும். எனக்கு எஞ்சியவை இரண்டு வினைச்சொற்கள்.

காலாங் எரிவாயு ஆலையும் 1998-இல் மூடப்பட்டுவிட்டது. சென்ற மாதம் அவ்வழியே நடந்து சென்றபோது மாலை மங்கிக்கொண்டிருந்தது. சாலைவிளக்குகள் அனைத்தும் ஒரு நொடியில், எவர் கையும் படாமல், ஒளிர்ந்தன. வீடு திரும்பியதும் பேத்தியிடம் படுக்கையறை விளக்கை அடைக்கச் சொன்னேன். “லைட்டை எப்படித் தாத்தா அடைப்பது, அது என்ன கதவா?” என்று கேட்டாள். அன்றிரவு அவள் உறங்கச் சற்று நேரமாயிற்று. அந்தக் கழியிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டியிருந்தது.