ஆறும் வேணும், பட்டறையும் வேணும்

(திருப்பூரில் சிறு தொழில் செய்வோர் மத்தியில் நம் கட்சி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டு, பட்டறை வச்சிருக்கிற உங்க சொந்தக்காரருக்கும் அனுப்புங்க.)



இந்த ஊரில் எந்தக் கட்சிக்காரர் மைக் பிடித்தாலும் ஒரு கேள்வி வரும். நீங்க விவசாயி பக்கமா, சாயப்பட்டறைக்காரர் பக்கமா? நேரா பதில் சொல்லிடறேன். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே வெள்ளாமை பண்ணினவரும் நம்ம ஆள்தான். இங்கே நாலு பேரை வச்சு வின்ச் ஓட்டினவரும் நம்ம ஆள்தான். கிணத்துத் தண்ணி உப்பாகி, காடு விளையாமப் போய், மகனைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பின குடும்பம் இந்தப் பக்கம் எத்தனை இருக்கு! அந்த வீட்டில் போய் 'நீங்க யார் பக்கம்'னு கேட்டா என்ன பதில் வரும்?

அதனால அந்தச் சண்டையை ஓரமா வைப்போம். நான் பேச வந்தது வேற. சட்டத்தை மதிச்சு நடக்கணும்னு நினைக்கிற சின்னப் பட்டறைக்காரருக்கு, அப்படி நடக்க யார் கை கொடுக்கிறது? அதைப் பத்தித்தான்.

2011 ஜனவரி 28 ஆம் தேதியை இங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட நாள். எழுநூறுக்கும் மேல பட்டறைகள். கரண்ட் கட். துணி தேங்கிப்போச்சு, ஆர்டர் கைமாறிப்போச்சு, வெளியூர்த் தொழிலாளி பெட்டியைக் கட்டிக்கிட்டு ரயில் ஏறினார்.

ஆனா அந்த உத்தரவு திடீர்னு வானத்திலிருந்து விழலைங்க. நொய்யல் பாசன விவசாயிகள் போட்ட வழக்கில், ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாதுன்னு உயர் நீதிமன்றம் சொன்னது 2006 டிசம்பரில். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2009 அக்டோபரில், மூணு மாசக் கெடுவோட. அதாவது முதல் தீர்ப்புக்கும் மூடலுக்கும் நடுவில் நாலு வருஷம் இருந்தது. அந்த நாலு வருஷமும் பெரும்பாலும் வாய்தாவிலேயே கரைஞ்சது. வக்கீலுக்குச் செலவழிச்ச பணத்தில் பாதி இன்ஜினியருக்குப் போயிருந்தா கதை வேற மாதிரி இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். உங்களில் சிலருக்கு இது கோபம் வரலாம். பரவாயில்லை.

அந்த நாலு வருஷத்தில் ஏன் முடியலைன்னு கேட்டா, 'முதலாளிகளுக்கு மனசில்லை'ன்னு வெளியூர்க்காரங்க சொல்லிடுவாங்க. மனசு மட்டும் இருந்தா போதாதுங்க. பிரச்சினை உப்பில் இருக்கு.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏத்தணும்னா சாயத் தண்ணியில் உப்பு போட்டே ஆகணும். டார்க் ஷேடு என்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை போகும். கிலோ துணிக்கு ஏழு லிட்டர் தண்ணி என்று வச்சாலே அரைக்கிலோ உப்பு ஆச்சு. அந்த உப்பு துணியில் தங்காது. சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிட்டுட்டு அப்படியே கழிவுநீரில் வெளியே வந்துடும். கலரை எடுக்கலாம், நாத்தத்தை எடுக்கலாம், சுண்ணாம்பு போட்டுக் கசடை இறக்கலாம். கரைஞ்ச உப்பு மட்டும் சாதாரண சுத்திகரிப்பில் போகவே போகாது. ஆத்தில் விடும் தண்ணியில் கரைஞ்ச உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு விதி. சாயக் கழிவுநீரில் அதைப் போல பல மடங்கு இருக்கும். பார்க்கிறதுக்குத் தெளிஞ்ச தண்ணி மாதிரிதான் தெரியும். அதைப் பாய்ச்சின தென்னைதான் குருத்து கருகி நின்னது.

அந்த உப்பை எடுக்க ஆர்.ஓ. வேணும். ஆர்.ஓ.வில் நல்ல தண்ணி ஒரு பக்கம் வரும், மறுபக்கம் இன்னும் கெட்டியான உப்புத் தண்ணி நிற்கும். அதை ஆவியாக்கணும். ஆவியாக்க விறகோ நிலக்கரியோ எரிக்கணும், கரண்ட் ஓடணும். இது தனியொரு சின்னப் பட்டறை தாங்குற செலவா? தாங்காது. அதனாலதான் பொது சுத்திகரிப்பு நிலையம். பெரிய மில் தனக்குன்னு ஒரு நிலையம் கட்டிக்கலாம். பத்து ஆள் வச்சு நடத்துறவர் கூட்டாளிகளோட சேர்ந்தால்தான் பிழைக்க முடியும்.

மூடலுக்குப் பிறகு என்ன நடந்ததுன்னு பாருங்க. அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு வழி நிரூபணமாச்சு. கெட்டியான உப்புத் தண்ணி முழுசையும் காய்ச்சித் தீர்க்காம, அதில் இருக்கிற கலரை வடிகட்டி எடுத்துட்டு, மறுபடி சாயம் போடவே பயன்படுத்தலாம். சாயத்துக்கு உப்பு வேணும், இதில் உப்பு இருக்கு. கேட்டா இவ்வளவுதானான்னு தோணும். ஆவியாக்கும் செலவு குறைஞ்சது, வாங்குற உப்பும் மிச்சம். மாநில அரசும் 18 பொது நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நிலையங்கள் ஒவ்வொண்ணா எழுந்து நின்னது.

நல்ல விஷயம்தான். ஆனா இதே ஆராய்ச்சி, இதே கடன் 2007இல் வந்திருந்தா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு நம்ம பெரியவங்க சும்மா சொல்லலை. மூடின காலத்தைத் தாங்க வசதி இருந்தவர் தாங்கினார். வட்டிக்கு வாங்கி மெஷின் போட்டவர் மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டார். ஆறு மாசம் வருமானம் இல்லாம வங்கித் தவணை கட்ட எத்தனை பேரால முடியும்? இன்னும் சிலர் ஊரை விட்டுத் தள்ளி, குடோனுக்குள்ள தொட்டி கட்டி, ராத்திரியில் சாயம் போட ஆரம்பிச்சாங்க. உதவி இல்லாத சட்டம் மாசை ஒழிக்காது. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிடும்.

'அப்போ சட்டத்தைத் தளர்த்தச் சொல்லுங்க'ன்னு நம்ம நண்பர்களிலேயே சிலர் சொல்றாங்க. அதுக்கு நாங்க தயாரில்லை. தளர்த்தினா லாபம் ராத்திரி தொட்டி ஓட்டுறவருக்குத்தான். கோடிக்கணக்கில் கடன் வாங்கி ஒழுங்கா நடத்துறவர், அவர் சொல்ற ரேட்டோட போட்டி போட முடியாம நஷ்டப்படுவார். இப்பவே அதுதான் நடக்குது. சுத்திகரிப்புக் கட்டணத்தைப் பட்டறைக்காரர் லிட்டர் கணக்கில் கட்டுறார். கிலோவுக்கு இவ்வளவுதான் சாயக்கூலின்னு எதிர்ப்பக்கம் பேரம் பேசுறாங்க. ஆத்தைக் காப்பாத்துற செலவு துணி விலையில் ஏறணும். ஐரோப்பாக் கடையில் அந்த பனியனைத் தொங்கவிட்டு 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது'ன்னு சீட்டு ஒட்டி விக்கிறவங்க, அந்தச் சீட்டுக்கான காசை இங்கே கொடுக்கணும். இதை ஏற்றுமதியாளர் சங்கங்களோட உட்கார்ந்து பேச வேண்டிய பொறுப்பு அரசுக்கு இருக்கு.

இப்போ இங்க இருக்கிற ரொம்பச் சின்ன ஆட்களைப் பத்திச் சொல்றேன். டேபிள் பிரிண்டிங் போடுறவர், பட்டன், ஜிப்புக்குக் கலர் ஏத்துறவர். ஒரு நாளைக்கு நாலஞ்சு பேரல் கழிவுநீர்தான் வரும். பொது நிலையத்தோட குழாய் இவங்க சந்து வரைக்கும் வராது. உறுப்பினராகச் சேரணும்னா பங்குத் தொகை கட்டணும், அதுக்கு வழியில்லை. அப்போ அந்தத் தண்ணி எங்க போகுது? சாக்கடைக்கு. சாக்கடை எங்க போகுது? ஓடைக்கு, ஓடை நொய்யலுக்கு. வாரியத்திலிருந்து ஆள் வந்து சீல் வைப்பாங்க, கரண்டைப் பிடுங்குவாங்க. அடுத்த மாசம் அதே ஆள் வேற சந்தில் கடை போடுவார். வருஷக்கணக்கா இந்தத் துரத்தல் நடக்குது.

இதுக்கு நாங்க முன்வைக்கிறது ரொம்பச் சாதாரணமான வழி. வீட்டுக் கழிவை எடுக்க லாரி வர்ற மாதிரி, இந்தக் கழிவுநீரை எடுக்கவும் டேங்கர் வரட்டும். பேரலில் சேர்த்து வை, வாரம் ரெண்டு தடவை எடுத்துட்டுப் போய்ப் பொது நிலையத்தில் சேர்க்கிறோம், லிட்டருக்கு இவ்வளவுன்னு கட்டணம் வாங்கு, முதல் ரெண்டு வருஷம் பாதியை அரசு ஏற்கட்டும். கணக்கும் இருக்கும், ஆத்துக்கும் போகாது.

அதோட நோட்டீஸ் கொடுக்க வர்ற அதிகாரி வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடி, என்ன மாத்தணும்னு சொல்லித்தர ஒரு தொழில்நுட்ப ஆள் வரணும். சீல் வைக்கிற அரக்கு இருக்கிற அலுவலகத்தில் ஆலோசனை சொல்ல ஒரு மேஜை போடறது பெரிய செலவில்லைங்க. தெரிஞ்சே ராத்திரியில் திறந்துவிடுறவரைப் பத்தி நான் பேசலை, அவர் மேல நடவடிக்கை வேணும். தெரியாம மாட்டிக்கிறவரைப் பத்தித்தான் பேசறேன்.

தெரியாம மாட்டிக்கிறதுன்னு சொன்னேனே, அதில் பாதி காகிதப் பிரச்சினை. நிறைய பேருக்குத் தன் தொழில் எந்த வகையில் வருதுன்னே தெரியலை. மாசு அளவை வச்சு சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளைன்னு பிரிச்சிருக்காங்க. சாயம், சலவை, கழிவுநீர் வர்ற பிரிண்டிங் எல்லாம் சிவப்பு. இதுக்குத் தொடங்குமுன் ஒரு இசைவாணை, ஓட்டுறதுக்கு ஒரு இசைவாணை, காலம் முடிஞ்சா புதுப்பித்தல். ஆனா சாயமோ துவைப்போ இல்லாம வெறுமனே பனியன் தைக்கிற யூனிட் வெள்ளை வகை. அவர் வாரியத்துக்குத் தகவல் கொடுத்தா போதும். இது தெரியாம 'பொல்யூஷன் சர்ட்டிபிகேட் எடுத்துத் தர்றேன்'னு வர்ற புரோக்கருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கார் நம்ம தையல் யூனிட்காரர். இனிமே கொடுக்காதீங்க.

இதில் கட்சித் தோழர்களுக்கு வேலை இருக்கு. போஸ்டர் ஒட்டுற அதே கையால இந்த விண்ணப்பத்தையும் நிரப்பத் தெரியணும். வார்டுக்கு ரெண்டு இளைஞர் முன்வாங்க, இணையத்தில் எப்படிப் பதிவு செய்யறது, எந்தத் தாள் கேட்பாங்கன்னு பயிற்சி கொடுக்கிறோம். அப்புறம் அவங்க தெருத் தெருவாப் போய்ச் சின்ன யூனிட்காரர்களைப் பார்க்கணும். காசு வாங்கக் கூடாது, டீ குடிக்கலாம்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயித்துக்கிழமை காலையில் உங்க பகுதி கட்சி அலுவலகத்துக்கு வாங்க. எங்களுக்கு ஓட்டுப் போடாதவரும் தாராளமா வரலாம். வரும்போது பழைய இசைவாணை இருந்தா அதோட நகல், கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம், மெஷின் வாங்கின பில், இதையெல்லாம் கையோட எடுத்துட்டு வாங்க. நோட்டீஸ் ஏதாவது வந்து பிரிக்காம வச்சிருந்தா, முதல்ல அதைக் கொண்டு வாங்க. பதில் கொடுக்கிற கெடு முடிஞ்சுபோனதுக்கு அப்புறம் வந்தா, எங்களால பெருசா ஒண்ணும் செய்ய முடியாதுங்க.