பங்கை எழுதி வையுங்கள்
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது 1801இல். அதற்கு முன்பே நம்மவர்கள் அத்தீவில் கடை வைத்துவிட்டார்கள். மளிகை, பணமாற்று, நாசி கண்டார் எதுவானாலும் உழைப்பும் வாக்கு நாணயமுமே அவர்களுக்கு முதல்.

அந்த வாக்கை நாங்கள் எழுதி வைக்கவில்லை. வாப்பாவும் சாச்சாவும் கூட்டாக மளிகைக் கடை நடத்தினார்கள். வாடிக்கையாளர் கடனை 555 புத்தகத்தில் ஒரு காசு விடாமல் எழுதினோம். பங்கை மட்டும் எழுதவில்லை. "அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு?" என்றார்கள். வாப்பா மௌத்தானார்; மறு ஆண்டு சாச்சாவும் போய்விட்டார். யார் போட்ட முதல் எவ்வளவு, எது கடன், எது அன்பளிப்பு என்று சொல்ல ஆளில்லை. கடை பூட்டப்பட்டது. பெருநாளன்றும் இரு வீட்டாரும் பேசிக்கொள்வதில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. பலமுறை ஓதினோம், கல்லாவில் உட்கார்ந்ததும் மறந்தோம்.

ஆகவே தம்பிமார்களே, பங்கைச் சாட்சிகளோடு எழுதுங்கள். முதலாளியானாலும் மாதச் சம்பளம் எடுங்கள். வீட்டுச் செலவுக்குக் கல்லாவைத் தொடாதீர்கள். உயிரோடிருக்கும்போதே மனைவி மக்களுக்குக் கணக்கைக் காட்டுங்கள்.

எழுதச் சொல்கிறவரைச் சந்தேகக்காரர் என்று எண்ணாதீர்கள். அவர் உறவுக்கு வேலி கட்டுகிறார். எங்களுக்கு அது காலம் கடந்து புரிந்தது.

வல்ல அல்லாஹ் உங்கள் வணிகத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.