ஒன்றே தெரிவு

பழைய மோட்டார் வண்டிகளில் இருந்த வானொலிப் பெட்டியை நேயர்களில் சிலர் கண்டிருக்கலாம். ஒரு நிலையத்திற்குரிய பொத்தானை அழுத்தினால், முன்னர் அழுத்தியிருந்த பொத்தான் தானே வெளியே எழும்பும். ஒரே வேளையில் இரு நிலையங்களைக் கேட்டல் இயலாதன்றோ? கணினித் திரையில் ஒரு விடையை மட்டும் ஏற்கும் சிறு வட்டங்களுக்கு ‘ரேடியோ பொத்தான்’ என்னும் பெயர் வந்தது இதனாலேயே.

பைத்தான் மொழியின் டிகின்டர் என்னும் கருவித் தொகுப்பில் இவற்றை ஆக்குவது எளிது. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனி மதிப்பு வேண்டும். விடையைத் தாங்கும் கலமாகிய மாறியோ அனைத்திற்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். பொத்தானுக்கொரு மாறி அளித்தால் கட்டு அவிழ்ந்துவிடும். ஒன்றை அழுத்தினாலும் மற்றது விலகாது. இன்னும் ஒரு நுட்பம் உண்டு. முழு எண் மாறியின் தொடக்க மதிப்பு 0. ஆகவே 0 என்னும் மதிப்புடைய பொத்தான், எவரும் தொடாமலே தெரிவானதாகத் தோன்றும். வாய் திறவாதவரும் விடை கூறியவராகிவிடுவார்!

இதனினும் பெரிய பிழை, விடையையே விட்டுவிடுவது. மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை இந்திய உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் ஏற்றது. ஆண், பெண் என இரு வட்டங்களே உள்ள படிவத்தில் அவர்கள் உண்மையை எங்ஙனம் குறிப்பர்? மற்றொரு பொத்தானைச் சேர்க்க ஓரிரு வரிகள் போதும். ஆதலின் நிரல் எழுதுவோர் முதற்கண் எண்ணத்தக்கது, வட்டத்தின் அழகன்று. விடையளிப்போர் யாவர்க்கும் அங்கே ஓர் இடம் உண்டா என்பதேயாம்.